85,000 ரூபாயும் போய், தங்கையின் வரவேற்பும் கெட்டது: ஒலியமைப்பு வாடகைக்கு எடுப்போர் கவனத்துக்கு

கடந்த ஞாயிற்றுக்கிழமை கோண்டாவிலில் ஒரு மண்டபத்தில் என் தங்கையின் திருமண வரவேற்பு நடைபெற்றது. அதற்கு ஒலியமைப்புச் செய்து தருவதாக 85,000 ரூபாய் முற்பணம் வாங்கிய ஒருவர் எங்களை எப்படி ஏமாற்றினார் என்பதைக் கோபம் ஆறுவதற்கு முன்னரே எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆவணி முகூர்த்தங்கள் இன்னும் முடியவில்லை. இந்த நேரத்தில் எத்தனையோ வீடுகளில் யாரோ ஒருவர் முற்பணத்தை எண்ணிக்கொண்டிருப்பார்.

அந்த நிலையத்தின் பெயரை எழுதவில்லை. சமூக வலைத்தளத்தில் பெரிய மேடைகளின் படங்களைப் போட்டு விளம்பரம் செய்யும், யாழ். நகரை அண்டிய ஒலி, ஒளி வாடகை நிலையம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். காலையில் தாலிகட்டுக்கு இணுவிலில் இருந்து வந்த நாதஸ்வர, தவில் கலைஞர்களின் வாசிப்பில் ஒரு குறையும் இருக்கவில்லை. மாலை வரவேற்புக்கு 450 பேர் அளவில் அழைத்திருந்ததாலும், மணமக்கள் பேச விரும்பியதாலும், நல்ல ஒலியமைப்பாகப் பார்த்து எடுக்க வேண்டும் என்று நேரிலேயே சென்று பேசினேன்.

அந்த நிலையக்காரர் ஓர் ஒலிபெருக்கிப் பெட்டியில் பாட்டைப் போட்டுவிட்டு, என் கையைப் பிடித்து அதன் மேல் வைத்தார். "அதிருது பாத்தீங்களோ அண்ணை, ஒண்டு 5,000 வாட்ஸ்" என்றார். பெட்டியில் எழுதியிருக்கும் அந்த எண், ஒரு கணம் மட்டும் தாங்கக்கூடிய உச்ச அளவு என்பதையும், தொடர்ந்து தரக்கூடிய அளவான ஆர்.எம்.எஸ். அதைவிட மிகக் குறைவாக இருக்கும் என்பதையும், வாட்ஸ் இரண்டு மடங்கானாலும் ஒலி 3 டெசிபல் மட்டுமே கூடும் என்பதையும் இப்போது படித்துத் தெரிந்துகொண்டேன். அன்று தெரியாது.

ஆனாலும் நான் நம்பியது அந்த எண்ணை அல்ல. அப்பாவுக்கு 74 வயது. காதில் கருவி போட்டிருக்கிறார். மகள் பேசுவது அவருக்குக் கேட்க வேண்டும், எனக்கு வேறொன்றும் முக்கியமில்லை என்று சொன்னேன். அதைக் கேட்டதும் அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டு, "ஐயாவின்ர கதிரைக்குப் பக்கத்தில சின்னப் பெட்டி ஒண்டு தனியா வைக்கிறன். ஒரு சொல்லும் தவறாது. நீங்கள் யோசியாதேங்கோ" என்றார். பேசிய மொத்தத் தொகை 110,000 ரூபாய். முகூர்த்த நாளில் பெட்டிகளுக்குத் தட்டுப்பாடு, வெளியில் இருந்து எடுப்பிக்க வேண்டும் என்று அவர் சொன்னபோது, மறுபேச்சில்லாமல் 85,000 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன். அவர் தந்தது தொகையும் கையொப்பமும் மட்டும் உள்ள ஒரு வெற்றுத் தாள். எத்தனை பெட்டி, என்ன வகை, எத்தனை மைக் என்ற எதுவும் அதில் இல்லை.

மாலை 3 மணிக்கு வருவதாகச் சொன்ன பட்டா வாகனம் 5.40க்கு வந்தது. அதில் இருந்து இறங்கியவர் பதினெட்டு வயது மதிக்கத்தக்க ஒரு தம்பி மட்டுமே. நான்கு பெரிய பெட்டிகள் என்று பேசியிருந்தோம், வந்தவை இரண்டு. ஒரு பெட்டியின் முகப்பில் இருந்த பெயர்த் தகட்டின் மூலை எழும்பி நின்றது; நகத்தால் தொட்டதும் தகடு கையோடு வந்தது, அதற்கு அடியில் வேறொரு பெயர் அச்சிடப்பட்டிருந்தது. அப்பாவுக்கென்று சொன்ன சின்னப் பெட்டி எங்கே என்று கேட்டேன். "அதைப் பற்றி எனக்கு ஒண்டும் சொல்லேல்லை அண்ணை" என்று அந்தத் தம்பி தலையைக் குனிந்துகொண்டான். அவனில் எனக்குக் கோபமில்லை. அவனைத் தனியே அனுப்பிவிட்டுப் பணத்தோடு வீட்டில் இருந்தவரில்தான் கோபம்.

பெட்டிகளை மேடைக்குப் பின்னால் வைத்ததால், மைக்கைப் பிடித்தவுடன் காதைக் கிழிக்கும் கூவல் எழுந்தது. பாட்டுகளைக் கைத்தொலைபேசியில் இணையத்தில் இருந்தே ஓடவிட்டார்கள். மணமக்கள் மண்டபத்துக்குள் காலடி வைத்த வேளையில் பாட்டு நின்று ஒரு சவர்க்கார விளம்பரம் ஒலித்தது. தங்கை நடந்துகொண்டிருந்த இடத்திலேயே நின்றுவிட்டாள். அவள் பேசத் தொடங்கி மூன்றாவது வசனத்தில் மைக்கின் பற்றரி செத்தது. மாற்றுப் பற்றரி அவர்களிடம் இல்லை. அப்பாவைப் பற்றிச் சொல்வதற்காக நான்கு நாள்கள் எழுதி எழுதி மனப்பாடம் செய்த பேச்சு அது. அவர் காதுக்குப் பின்னால் கையை வைத்து முன்னால் சாய்ந்து கடைசி வரைக்கும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குத் திரும்பும்போது, "பிள்ளை என்ன சொன்னவள்?" என்று என்னைக் கேட்டார்.

இரவு 8.15க்கு எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்துப் பிள்ளைகள் தங்களுடைய ஒலிபெருக்கியைக் கொண்டுவந்து பூட்டினார்கள். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்கு அனுமதியில்லை என்பதால் மிஞ்சியது ஒன்றே முக்கால் மணித்தியாலம். அந்தப் பிள்ளைகள் ஒரு சதமும் வாங்கவில்லை.

திங்கட்கிழமை தொலைபேசி எடுத்தபோது, "அண்ணை கொழும்பில நிக்கிறார்" என்றது ஒரு பெண் குரல். செவ்வாய்க்கிழமை அவரே பேசினார். மண்டபத்து மின்சாரத்தில்தான் பிழை என்றார். அதே மின்சாரத்தில்தான் சனசமூக நிலையத்து ஒலிபெருக்கி வேலை செய்தது என்று சொன்னதும், "சாமான் வந்தது தானே அண்ணை, பாட்டும் படிச்சது தானே" என்று கேட்டு, மிகுதி 25,000 ரூபாயை எப்போது தருவீர்கள் என்றும் சேர்த்துக் கேட்டார். நேற்று நேரில் போனேன். அடுத்த வைபவத்துக்கு 5,000 ரூபாய் கழித்துத் தருவாராம். என் தங்கைக்கு அடுத்த வரவேற்பு ஏது? அதன் பிறகு நான் அனுப்பும் வட்ஸ்அப் செய்திகள் பார்க்கப்படுகின்றன, பதில் வருவதில்லை. 85,000 ரூபாய் என்பது நான் மூன்று மாதமாகச் சேர்த்த பணம்.

எப்படித் தெரிவு செய்வது என்று விரிவாக எழுதவே நினைத்தேன். மனம் ஒருநிலையில் இல்லாததால் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். பாதிக்கு மேல் முற்பணம் கொடுக்காதீர்கள். பெட்டிகளின் எண்ணிக்கை, மைக்குகள், வரும் நேரம், யார் இயக்குவார் என்ற எல்லாவற்றையும் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். வாட்ஸ் கணக்கைக் கேட்டு மயங்காமல் ஆர்.எம்.எஸ். எவ்வளவு என்று கேளுங்கள். நீளமான மண்டபமானால் முன்னால் மட்டும் சத்தத்தைக் கூட்டாமல் நடுவிலும் பெட்டி வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் எதிரொலியில் பேச்சு விளங்காது. மைக்குக்குப் புதிய பற்றரிகளை நீங்களே வாங்கி வைத்திருங்கள். இவ்வாறு ஏமாந்தவர்கள் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு முறையிடலாம். நான் நாளை காலை அந்த வெற்றுத் தாளையும், கையோடு வந்த பெயர்த் தகட்டையும் எடுத்துக்கொண்டு நேரிலேயே முறைப்பாடு கொடுக்கப் போகிறேன்.