மூலிகை என்று நம்பி அம்மாவுக்கு நான் வாங்கிக் கொடுத்தது ஸ்டீராய்டு

உங்கள் வீட்டில் யாராவது மூட்டுவலிக்கு ஏதோ ஒரு மூலிகை மாத்திரை சாப்பிட்டு, இரண்டு மூன்று நாளிலேயே வலி பறந்துபோயிருந்தால், தயவுசெய்து இதைப் படியுங்கள். படித்த வேகத்தில் அந்த மாத்திரையைச் சட்டென்று நிறுத்திவிடவும் வேண்டாம். காரணத்தைச் சொல்கிறேன்.

அம்மாவுக்கு விரல் மூட்டுகளும் இரண்டு மணிக்கட்டுகளும் வீங்கத் தொடங்கின. காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் கையை மடக்கவே முடியாது. வயதானால் வருவதுதானே என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம். வலி மாத்திரை வயிற்றைக் கெடுத்துவிடும் என்று அம்மாவுக்குப் பயம். அந்த நேரத்தில்தான் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது: முழுக்க முழுக்க மூலிகை, பக்கவிளைவே கிடையாது. போன் செய்தேன். பேசியவர் அம்மாவின் வயது, எடை, சர்க்கரை இருக்கிறதா என்றெல்லாம் பொறுமையாக விசாரித்தார். அந்த அக்கறையைப் பார்த்துத்தான் நம்பினேன். வந்து சேர்ந்த டப்பாவில் ஏழெட்டு மூலிகைகளின் பெயர்கள் இருந்தன. எது எவ்வளவு என்று இல்லை. பேட்ச் எண் இல்லை, தயாரித்தவரின் முகவரி இல்லை. எல்லாவற்றையும் கவனித்தேன், ஆனாலும் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் காலை அம்மா தன் தலையைத் தானே பின்னிக்கொண்டார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஐந்து மாதம் ஓடியது. அம்மாவுக்கு நன்றாகப் பசித்தது, கன்னம் உருண்டது. உடம்பு தேறிவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். லேசாக இடித்தாலே கையில் கருநீலமாகக் கன்றிப்போனது. எப்போதும் கட்டுக்குள் இருந்த சர்க்கரை ஏறியது. எதையும் அந்த மாத்திரையோடு சேர்த்து நாங்கள் யோசிக்கவில்லை. மூலிகைதானே.

அப்புறம் ஒரு முறை பார்சல் வரத் தாமதமானது. மாத்திரை தீர்ந்த நான்காம் நாள், அம்மா கட்டிலை விட்டு எழவில்லை. வாந்தி, தலைசுற்றல், கண்ணைத் திறக்க முடியாத சோர்வு. விற்றவரை அழைத்தேன். "உடம்பில் இருக்கும் கழிவு வெளியேறுகிறது, பயப்படாதீர்கள், வந்ததும் இரண்டு மடங்காகக் கொடுங்கள்" என்றார். நல்லவேளை, அன்று அவர் பேச்சைக் கேட்கவில்லை.

மருத்துவமனையில் பார்த்தபோது ரத்த அழுத்தமும் சர்க்கரையும் மிகக் கீழே போயிருந்தன. "ஸ்டீராய்டு எதுவும் சாப்பிடுகிறாரா?" என்று மருத்துவர் கேட்டார். இல்லவே இல்லை, மூலிகை மட்டும்தான் என்று உறுதியாகச் சொன்னேன். அந்த டப்பாவைக் கொண்டுவாருங்கள் என்றார். ஆய்வகத்தில் சோதித்ததில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும், டைக்ளோஃபெனாக் என்ற வலி நிவாரணியும் இருந்தன. எந்த வலி மாத்திரைக்கு அம்மா பயந்தாரோ, அதையேதான் ஐந்து மாதமாகத் தினமும் விழுங்கியிருக்கிறார்.

மருத்துவர் விளக்கிய பிறகுதான் புரிந்தது. நம் சிறுநீரகங்களுக்கு மேலே இருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் கார்ட்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. டெக்ஸாமெத்தசோன் அதைவிட ஏறத்தாழ 25 மடங்கு வீரியமானது. வெளியிலிருந்து அது தொடர்ந்து வந்தால் சுரப்பி வேலையைக் குறைத்துக்கொள்ளும். திடீரென்று நிறுத்தினால் உடம்பில் இரண்டும் இருக்காது, உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால்தான் சட்டென்று நிறுத்த வேண்டாம் என்று முதலிலேயே சொன்னேன். மீதமிருக்கும் மாத்திரைகளையும் டப்பாவையும் எடுத்துக்கொண்டு அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். அளவைப் படிப்படியாகக் குறைப்பதை அவர் பார்த்துக்கொள்வார். வாந்தியோ மயக்கமோ இருந்தால் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்கு.

இது எங்களுக்கு மட்டும் நடந்ததும் அல்ல. மூட்டுவலிக்கென்று விற்ற சில பொருள்களில், லேபிளில் சொல்லாமல் இதே இரண்டு மருந்துகளும் கலந்திருப்பதாக அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2022-இல் எச்சரித்திருக்கிறது. ஏன் ஸ்டீராய்டு? அதன் வேகம்தான் காரணம். 1948-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனையில் பிலிப் ஹென்ச் என்ற மருத்துவர், முடக்குவாதத்தால் (உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூட்டுகளைத் தாக்கும் நோய்) அவதிப்பட்ட ஒரு பெண்ணுக்குக் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டார். சில நாள்களிலேயே அவர் எழுந்து நடந்தார். 1950-இல் அந்த ஆராய்ச்சிக்காக ஹென்ச்சுக்கும் வேறு இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நீண்ட நாள் கொடுத்தால் வரும் கேடுகளும் சீக்கிரமே தெரிந்துவிட்டன. மருத்துவர்கள் அளந்து, கண்காணித்துக் கொடுக்கும் மருந்து அது. அதைச் சொல்லாமல் ஒருவருக்குக் கொடுப்பதை வேறு எந்தப் பெயரால் சொல்வது? குற்றம்தான்.

மூலிகையை நான் குறை சொல்லவில்லை. மஞ்சளில் இருக்கும் குர்குமின், போஸ்வெல்லியா மரப் பிசின் இரண்டும் முழங்கால் தேய்மான வலியை ஓரளவு குறைப்பதாகச் சில சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் அவை மெதுவாக, வாரக்கணக்கில் வேலை செய்பவை. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்கள் அவற்றையும் கேட்காமல் எடுக்கக் கூடாது. மூன்றே நாளில் வீக்கம் வடிந்தால் சந்தேகப்படுங்கள்.

எனக்கு இன்னும் ஆறாதது வேறு. அம்மாவுக்கு வந்தது தேய்மானமே இல்லை, முடக்குவாதம். இரண்டு கைகளிலும் ஒரேபோல வீக்கம், நெடுநேரம் நீடிக்கும் காலை இறுக்கம் என்று அறிகுறிகள் கண்முன்னேதான் இருந்தன. ஆன்டி சிசிபி என்ற ரத்தப் பரிசோதனை அதை உறுதி செய்தது. சீக்கிரம் சிகிச்சை தொடங்கினால் மூட்டைக் காப்பாற்ற வாய்ப்பு அதிகம். அந்த ஐந்து மாதத்தையும் வலி தெரியாமல் மறைத்தே கழித்துவிட்டோம். எக்ஸ்ரேயில் விரல் எலும்பில் அரிப்பு தெரிகிறது.

இப்போது முடக்குவாதத்துக்கு வாரம் ஒரு முறை மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்தை எடுக்கிறார், ஸ்டீராய்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வருகிறார்கள். விற்றவருக்கு ஆய்வக முடிவை அனுப்பினேன். பார்த்துவிட்டு என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் டப்பா, ரசீது, ஆய்வக முடிவு எல்லாவற்றையும் சேர்த்துப் புகார் கொடுத்திருக்கிறேன். உங்களிடம் அப்படி ஒரு டப்பா இருந்தால் தூக்கிப் போடாதீர்கள், புகாருக்கு அதுதான் சாட்சி.