காலாங் ஆறு, பீஷான்–அங் மோ கியோ பூங்கா: ஒரு வடிகாலின் மதிப்புரை

சிங்கப்பூரின் பீஷான்–அங் மோ கியோ பூங்காவைப் பற்றிப் படிக்கக் கிடைக்கும் மதிப்புரைகளில் பெரும்பாலானவை அதை ஒரு பூங்காவாகவே எடைபோடுகின்றன. நிழல் போதுமா, நாயைக் கூட்டிக்கொண்டு போகலாமா, பிள்ளைகள் விளையாட இடமிருக்கிறதா, பக்கத்தில் சாப்பாடு கிடைக்குமா என்பவையே அவற்றின் கேள்விகள். இவற்றில் தவறு ஒன்றுமில்லை. ஆனால் ஏறக்குறைய 76 மில்லியன் சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) செலவழித்து அங்கே மக்களுக்கு அளிக்கப்பட்டிருக்கும் முதன்மையான சேவை வேறு. அடைமழையில் சுற்றுவட்டார அடுக்குமாடிகளின் கூரைகளிலும் சாலைகளிலும் விழும் நீரை வாங்கி, யாருடைய வீட்டுக்குள்ளும் புகவிடாமல் கீழே கடத்துவதுதான் அந்த இடத்தின் வேலை. ஆகவே அதை ஒரு மழைநீர் வடிகாலாக வைத்தே இங்கு மதிப்பிடுகிறேன். வடிகாலாகத் தேறிய பிறகே மற்ற அழகெல்லாம் கணக்கில் சேர வேண்டும்.

காலாங் ஆறு சிங்கப்பூரின் மிக நீளமான ஆறு. நீளம் என்றாலும் ஏறக்குறைய 10 கிலோமீட்டர்தான். லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கத்தில் தொடங்கி, புதுநகரங்களின் நடுவே ஓடி, மரினா நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடிகள் பெருகிய காலத்தில் இந்த ஆற்றின் இருபுறமும் அடியும் கான்கிரீட்டால் பூசப்பட்டன. அதை இன்று குறை சொல்வது எளிது. வெள்ளத்தில் தத்தளித்த ஒரு தீவுக்கு, விழுந்த நீரை விரைவாகக் கடலுக்கு அனுப்புவதே அன்றைய தேவை. நேர்கோட்டில், வழவழப்பான சுவர்களுக்கு இடையே நீர் மிக வேகமாக ஓடும் என்ற பொறியியல் கணக்கும் சரியானதே. அந்தக் கணக்கில் உயிர்களுக்குத்தான் இடமில்லாமல் போயிற்று. மழையில்லாத நாட்களில் கான்கிரீட் தரையில் கணுக்காலளவு நீர் வெயிலில் காய்ந்து சூடேறும்; மழை நாட்களில் எதிர்த்து நிற்க முடியாத வேகத்தில் பாயும். இந்த இரண்டு நிலைகளையும் தாங்கி ஒரு மீனோ தும்பிப் புழுவோ அங்கே குடியிருக்க வழியில்லை. மனிதர்களுக்கும் ஆற்றுக்கும் இடையில் வேலி இருந்தது. 1988இல் பூங்கா திறக்கப்பட்டபோதும், ஒருபுறம் பூங்கா, மறுபுறம் கால்வாய் என இரண்டும் ஒன்றையொன்று பாராமல்தான் கிடந்தன.

2006இல் பொதுப் பயனீட்டுக் கழகம் ‘துடிப்பான, அழகிய, தூய்மையான நீர்நிலைகள்’ திட்டத்தைத் தொடங்கியது. அந்த நேரத்தில் கால்வாயின் கொள்ளளவைக் கூட்ட வேண்டியிருந்தது. பூங்காவையும் புதுப்பிக்க வேண்டியிருந்தது. இரண்டு வேலையையும் தனித்தனியே செய்திருந்தால் இன்னும் அகலமான ஒரு கான்கிரீட் கால்வாயும் இன்னும் அழகான ஒரு புல்வெளியும், இடையில் புது வேலியும் கிடைத்திருக்கும். மாறாக, கால்வாய்க்குப் பொறுப்பான பொதுப் பயனீட்டுக் கழகமும் பூங்காவுக்குப் பொறுப்பான தேசியப் பூங்காக் கழகமும் தங்கள் நிலத்தை ஒன்றாக்க ஒப்புக்கொண்டன. இந்தத் திட்டத்தில் நான் மிக உயர்வாக மதிப்பது இதைத்தான். பூங்காவின் புல்வெளியை வெள்ளம் பரவும் நிலமாக ஆறு பயன்படுத்திக்கொள்ளலாம். ஆற்றின் கரையைப் பூங்காவாக மக்கள் பயன்படுத்திக்கொள்ளலாம். இரண்டு அலுவலகங்கள் ஒரே நிலத்தைப் பகிர்ந்துகொள்வது எந்த நாட்டிலும் பாலம் கட்டுவதைவிடக் கடினமான வேலை என்பது அரசு அலுவலகப் படியேறியவர்களுக்குத் தெரியும்.

அதன்படி 2.7 கிலோமீட்டர் நேரான கான்கிரீட் கால்வாய் உடைக்கப்பட்டு, 62 ஹெக்டர் பூங்காவுக்குள் 3.2 கிலோமீட்டர் வளைந்து நெளியும் ஆறாக மாற்றப்பட்டது. 2012 மார்ச்சில் அது திறக்கப்பட்டது. வடிவமைத்தது ஜெர்மானிய நிலவடிவமைப்பாளர் ஹெர்பர்ட் டிரைசைட்லின் நிறுவனம். அதே இடைவெளிக்குள் நீளம் கூடியிருப்பதைக் கவனிக்க வேண்டும். அந்தக் கூடுதல் அரை கிலோமீட்டர் முழுவதும் வளைவுகளில்தான் இருக்கிறது. வளைவுதான் நீரின் வேகத்தைக் குறைக்கிறது.

கரையில் சிமெண்ட் பூச்சு இல்லையென்றால் வெப்பமண்டலப் பெருமழையில் மண் நிற்குமா என்பதே திட்டத்தின் தலையாய சந்தேகம். செடி, வேர், கல் ஆகியவற்றைக் கொண்டே கரையைக் கட்டும் இத்தகைய உயிர்க்கரை முறைகள் ஐரோப்பாவில் பழகியவை; அங்குள்ள செடிகளும் வேறு, மழையும் வேறு. அதனால் 2009இல் பூங்காவின் ஒரு கிளை வடிகாலில் 60 மீட்டர் நீளத்துக்குப் பத்து விதமான முறைகளைச் செய்து பார்த்தார்கள். உயிருள்ள கொப்புகளைக் கட்டுக்கட்டாகக் கட்டிக் கரையடியில் புதைப்பது, கற்களை அடுக்கி இடுக்கில் போத்து நடுவது, மண்ணைத் துணியில் பொதிந்து படிபடியாக அடுக்கி அதன்மேல் செடி வளர்ப்பது, கம்பிவலைக் கூடைகளில் கல் நிரப்பி அடுக்குவது ஆகியவை அவற்றில் சில. பிழைத்துத் தேறியவற்றை மட்டுமே பெரிய ஆற்றுக்குக் கொண்டுவந்தார்கள். ஏரிக்கரையில் அருகும் நாணலும் வளரவிட்டு மண் கரையாமல் பார்த்துக்கொண்ட ஊர்களில் பிறந்தவர்களுக்கு இது பழைய சங்கதியாகத் தோன்றலாம். ஆனால் எந்த வளைவில் எவ்வளவு விசை விழும் என்று கணித்து, அந்த விசைக்கேற்ற முறையை அந்தந்த இடத்தில் வைத்திருப்பதில்தான் இங்குள்ள திறமை இருக்கிறது. ஆற்றோரமாக நடந்துகொண்டே கரையை உற்றுப் பார்த்தால் அந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியும்: நீர் மோதித் திரும்பும் வெளிவளைவில் பாறைகள் நெருக்கமாக இருக்கும், உள்வளைவில் சரிவு மெல்ல இறங்கிப் புல்லோடு கலந்துவிடும். பல இடங்களில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே வேர்கள் புகுந்து, எது நட்டது எது தானாக வளர்ந்தது என்று பிரித்தறிய முடியாத அளவுக்குப் பின்னிக்கொண்டிருக்கின்றன.

இனி வடிகாலின் தேர்வு. வெயில் நாட்களில் ஆறு சில மீட்டர் அகலத்தில், கற்களின்மேல் கால்வைத்துத் தாண்டும்படி ஓடுகிறது. பெருமழையில் அது கரையேறிப் புல்வெளியில் பரவி ஏறத்தாழ 100 மீட்டர் வரை அகன்றுவிடும். பழைய கால்வாயோடு ஒப்பிட்டால் நீரைக் கடத்தும் திறன் ஏறக்குறைய 40 சதவீதம் கூடியிருக்கிறது. சுவர்களுக்கு இடையே நீர் செங்குத்தாக எழுவதற்கும் சரிவில் பக்கவாட்டில் பரவுவதற்கும் பாதுகாப்பில் மிகுந்த வேறுபாடு உண்டு. கால் நனையத் தொடங்கியவர் மேட்டை நோக்கி நடந்து வெளியேற அவகாசம் கிடைக்கிறது. இருந்தாலும் அதை மட்டும் நம்பி விட்டுவிடவில்லை. நீர்மட்டத்தை அளக்கும் உணர்கருவிகள், எச்சரிக்கை விளக்குகள், அபாயச்சங்கு, ஒலிபெருக்கி அறிவிப்பு, சிவப்பு அடையாளக் கம்பங்கள், கரைநெடுக மிதவை வளையங்கள் எல்லாம் இருக்கின்றன.

இந்த ஏற்பாடு வேலை செய்கிறதா என்று அறிய மழைக்கு மறுநாள் காலை போவது நல்லது. கரையோரப் புற்கள் அனைத்தும் நீர் போன திசையில் ஒரே பக்கமாகச் சாய்ந்து படுத்திருக்கும். புதர்களின் கிளைகளில் சருகும் சுள்ளியும் ஒரே மட்டத்தில் வரிசையாகச் சிக்கியிருக்கும். முந்தைய நாள் வெள்ளம் எதுவரை ஏறியது என்பதை அந்த வரிசையே காட்டிவிடும். அதோடு ஒரு பிஸ்கட் உறையும் தேநீர் வாங்கிவந்த நெகிழிப் பையும் மார்பளவு உயரத்தில் தொங்குவதைப் பார்க்கலாம். எங்கோ ஒரு பேருந்து நிறுத்தத்தில் யாரோ கைநழுவவிட்ட பை சாலையோரச் சாக்கடைமூடி வழியே ஆற்றுக்கு வந்துசேர்கிறது. கான்கிரீட் கால்வாயில் அது கண்ணுக்குத் தெரியாமல் ஓடிப்போயிருக்கும். இங்கே செடி அதைப் பிடித்து நிறுத்திக் காட்டுகிறது. இதையும் சேவையின் ஒரு பகுதியாகவே எண்ணுகிறேன்.

சுற்றுச்சூழல் நலம் என்ற தலைப்பில் முதல் இரண்டு ஆண்டுகளில் பல்லுயிர் வளம் 30 சதவீதம் கூடியதாகக் கணக்கிட்டார்கள். 59 வகைப் பறவைகளும் 22 வகைத் தும்பிகளும் 66 வகைக் காட்டுப்பூச் செடிகளும் பதிவாகியுள்ளன. இவற்றில் பறவைகளைவிடத் தும்பிகளின் எண்ணிக்கையே எனக்கு முக்கியமாகப் படுகிறது. பறவை எங்கிருந்தும் பறந்து வரும். தும்பியின் இளம்புழுவோ மாதக்கணக்கில் நீருக்குள் வாழ்ந்து, நீரிலிருந்து எழும் ஒரு தண்டைப் பற்றி ஏறி, தோலுரித்த பிறகே பறக்கிறது. ஆகவே இருபதுக்கு மேற்பட்ட வகைகள் இருக்கின்றன என்றால், நீரில் உயிர்க்காற்று இருக்கிறது, பற்றி ஏறத் தண்டு இருக்கிறது, வெள்ளத்தில் ஒதுங்க இடம் இருக்கிறது என்று பொருள். வளைவுகளும் கற்களும் செய்யும் வேலை அதுதான்: கல்லில் மோதிச் சலசலக்கும் இடத்தில் காற்று கலக்கிறது, வளைவின் வெளிப்புறத்தில் மடு விழுகிறது, உட்புறத்தில் மணல் தங்குகிறது. எல்லாரும் படம்பிடிக்க வரும் நீர்நாய்க் குடும்பங்கள் இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி.

மீன்களைப் பற்றி மட்டும் புகழ்ச்சி அடக்கமாக இருப்பது நல்லது. சிங்கப்பூரின் நகர்ப்புற நீர்நிலைகளில் காணப்படும் திலாப்பியா, கப்பி போன்றவை வெளியிலிருந்து வந்தவை. வளர்க்கச் சலித்துப்போனவர்கள் கொண்டுவந்து விட்டவையும் அவற்றில் சேரும். பௌத்தர்களின் விசாக தினத்தையொட்டிப் புண்ணியம் என்று எண்ணி விலங்குகளையும் மீன்களையும் நீரில் விடுவோரைத் தடுக்க அதிகாரிகள் ஆண்டுதோறும் முயல்கிறார்கள். ஆற்றின் உருவத்தை மீட்டிருக்கிறார்கள், அதன் பழைய குடிகளை முழுதாக மீட்டுவிடவில்லை என்று சொல்வதே சரி. அதேபோல், பூங்காவின் எல்லையைத் தாண்டியதும் காலாங் ஆறு மீண்டும் கரைகட்டிய கால்வாயாகிவிடுகிறது. 10 கிலோமீட்டரில் 3 கிலோமீட்டர் என்பது நல்ல தொடக்கம்தான். ஆனால் மேலும் கீழும் வீடுகள் நெருங்கி நிற்கும் இடத்தில் 100 மீட்டர் அகலத்தை யாரும் விட்டுக்கொடுக்க முடியாது. இந்த முறைக்கு நிலம் வேண்டும், பூங்கா பக்கத்தில் இருந்ததால் கிடைத்தது. இதை அப்படியே எல்லா ஆற்றுக்கும் பொருத்தலாம் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

விட்டுவிடும் இன்னொரு கணக்கு கழிவுநீர். சென்னையிலிருந்து வரும் உறவினர்களை இங்கே அழைத்து வந்தால், கூவத்தையும் இப்படி வளைத்துச் செடி வைத்தால் என்ன என்ற கேள்வி தவறாமல் வரும். இந்த ஆற்றில் ஓடுவது மழைநீர். சிங்கப்பூரில் கழிவுநீருக்கு வேறு குழாய், மழைநீருக்கு வேறு வடிகால், இரண்டும் சேர்வதில்லை. தீவின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி என்பதால், இந்த ஆற்று நீரும் இறுதியில் சுத்திகரிக்கப்பட்டுக் குடிநீராகிறது. 1977 முதல் 1987 வரை சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் படுகையையும் தூய்மைப்படுத்தியபோது, பன்றிப் பண்ணைகளும் வாத்துப் பண்ணைகளும் அகற்றப்பட்டன, தெருவோர உணவுக்கடைகள் உணவங்காடி நிலையங்களுக்கு மாற்றப்பட்டன, புறம்போக்குக் குடியிருப்புகள் இடம்பெயர்ந்தன. அந்தப் பத்தாண்டு வேலை முடிந்து கால் நூற்றாண்டு கழித்துதான் இந்த வளைவுகள் வந்தன. சாக்கடை கலக்கும் ஆற்றில் கரையோரச் செடி எவ்வளவு வைத்தாலும் மீன் வராது.

செடிகளைக் கொண்டு நீரைத் தூய்மைப்படுத்துவதையும் இங்கே தனியாகப் பார்க்கலாம். மேரிமவுண்ட் சாலை பூங்காவைக் குளத்தோட்டம், ஆற்றுச்சமவெளி என இரண்டாகப் பிரிக்கிறது. குளத்தோட்டப் பகுதியில் படிப்படியான பாத்திகளில் நீர்ச்செடிகள் வளர்க்கப்படுகின்றன. நீரை ஏற்றி அந்தப் பாத்திகளின் வழியே மெல்ல இறங்கவிடுகிறார்கள். மண்ணடுக்கு கசடை வடிகட்டுகிறது. செடிகளும் வேரோடு ஒட்டி வாழும் நுண்ணுயிர்களும் நீரிலுள்ள மிகைச் சத்துகளை உறிஞ்சிக்கொள்கின்றன. ரசாயனம் சேர்ப்பதில்லை. பிள்ளைகளின் நீர்விளையாட்டுத் திடலுக்குப் போகும் நீர் மட்டும் புற ஊதாக் கதிரால் மேலும் சுத்திகரிக்கப்படுகிறது. நின்று பார்க்கப் பரபரப்பான காட்சி எதுவும் இல்லை. பலர் இதை அழகுத்தோட்டம் என்று எண்ணிக் கடந்துபோகிறார்கள்.

உடைத்த கான்கிரீட் எங்கே போனது என்று கேட்பவர்கள் ஆற்றுச்சமவெளிப் பகுதியில் உள்ள மறுபயனீட்டுக் குன்றின்மேல் ஏறலாம். பழைய கால்வாயின் பலகைகளை அடுக்கித்தான் அதை எழுப்பியிருக்கிறார்கள்.

வடிகாலாக ஐந்துக்கு நாலரை. இயற்கை மீட்பாக, மீன்களின் கதையையும் ஆற்றின் மீதி நீளத்தையும் மனத்தில் வைத்து மூன்றரை. நுழைவுக் கட்டணம் இல்லை. பீஷான் எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து நடந்தே வரலாம். முதன்முறை வருபவர்கள் ஆற்றுச்சமவெளியில் தொடங்கி நீரோட்டத்துக்கு எதிராக மேலே நடந்தால், கரைகளின் வகைகளைப் பார்த்துக்கொண்டே குளத்தோட்டத்துக்கு வந்துவிடலாம். கல்வைத்துத் தாண்டும் இடங்களில் பிள்ளைகளைத் தனியே விட வேண்டாம். வானம் கறுத்தால் சங்கு ஒலிக்கும்வரை காத்திராமல் மேட்டுப்பாதைக்கு வந்து கூரையுள்ள இடத்தில் ஒதுங்குங்கள்.