ஹார்ட் டிஸ்க் இழுக்கிறதா: செக்டிஸ்க்கா, நகலா, லேபா?

சென்னை எம்.சி. ரோட்டுத் துணிக்கடையின் கணக்கோ, ராயபுரம் ஸ்டூடியோவின் கல்யாணப் படங்களோ, ஒரே ஹார்ட் டிஸ்க்கில் இருந்து அது தடுமாற ஆரம்பித்தால் மூன்று வழிகள்தான் உண்டு. வேறு காப்பி இருந்தால் இந்தப் பேச்சே தேவையில்லை, புது டிஸ்க் மாட்டிவிடலாம்.

பலரும் முதலில் கை வைப்பது விண்டோஸோடு வரும் செக்டிஸ்க் (chkdsk) என்ற டிஸ்க் சோதனைக் கருவியில். செலவில்லை, பழகியது. ஆனால் சாகப்போகும் டிஸ்க்கில் அதை ஓட்டவே வேண்டாம் என்பேன். அது கோப்பு அமைப்பைச் சீராக்குவதற்கு, கோப்பைக் காப்பாற்றுவதற்கு அல்ல. கெட்ட செக்டரை, அதாவது டிஸ்க்கில் படிக்க முடியாத சிறு பகுதியை, தேடச் சொன்னால் டிஸ்க் முழுவதையும் மணிக்கணக்கில் படிக்கும், திருத்தம் என்று அதன் மேலேயே எழுதவும் செய்யும்.

அடுத்தது ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ (ddrescue) என்ற நகலெடுக்கும் மென்பொருள். இதுவும் இலவசம்தான். லினக்ஸ் பென் டிரைவில் சிஸ்டத்தைத் தொடங்கி, அதே அளவோ பெரிதோ ஆன இன்னொரு டிஸ்க்குக்கு நகலெடுக்க வேண்டும். சுலபமாகப் படிக்க முடிகிற பகுதியை முதலில் அள்ளிவிடும். முரண்டு பிடிக்கும் இடங்களுக்குக் கடைசியில்தான் திரும்பி வரும். எதுவரை முடிந்தது என்பதை மேப் ஃபைலில் குறித்துக்கொள்வதால், நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். செக்டிஸ்க் ஓட்டியே ஆக வேண்டுமென்றால், அப்புறம் அந்த நகலில் ஓட்டுங்கள். கட்டளை அடிக்கும்போது மூல டிஸ்க் எது, புதியது எது என்று இரண்டு முறை பாருங்கள். மாற்றிக் கொடுத்தால் எல்லாம் போச்சு.

பயாஸில் (சிஸ்டம் தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரையில்) டிஸ்க் தெரிந்து, வித்தியாசமான சத்தம் இல்லாதவரை இதுதான் என் தேர்வு. டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் மஞ்சள் நிறம் வந்து, படிக்கக் காத்திருக்கும் செக்டர்களின் எண்ணிக்கை ஏறுகிறதென்றால் அன்றைக்கே தொடங்கிவிடுங்கள்.

டிக் டிக் என்று அடித்தால் கதை வேறு. பெரும்பாலும் ஹெட், அதாவது சுழலும் தட்டிலிருந்து தரவைப் படிக்கும் முனை, போயிருக்கும். உடனே அணைத்துவிடுங்கள், திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தால் தட்டில் கீறல் விழும். இங்கே கிளீன் ரூம் (தூசி வடிகட்டிய அறை) உள்ள லேப் ஒன்றுதான் வழி. செலவு அதிகம், பலனுக்கும் உத்தரவாதமில்லை. ஆனாலும் வேறு வழியில்லை, ஹெட் தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில் மிதப்பது. மேஜையில் வைத்துத் திறந்தால் சாதாரணத் தூசியே அதற்குப் பாறைதான். ஃப்ரீசரில் வைக்கும் வைத்தியமும் வேண்டாம், உள்ளே ஈரம் கோக்கும்.

வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறினால் அரசினர் தோட்டத்தில் இறங்கி ரிச்சி தெருவுக்கு நடந்துவிடலாம். புது டிஸ்க் வாங்க நல்ல இடம். சத்தம் போடும் டிஸ்க்கைக் கொடுப்பதென்றால், எங்கே திறப்பார்கள் என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். டிஸ்க்கின் சர்க்யூட் போர்டை மட்டும் மாற்றினால் போதும் என்றால், பழைய போர்டின் ரோம் (ROM) சிப்பையும் புதியதுக்கு மாற்றுவார்களா என்று கேளுங்கள். அந்த டிஸ்க்குக்கே உரிய அளவீடுகள் அதில்தான் இருக்கும்.

மாற்றாக, சிஸ்டத்துக்கு எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிரைவ்) வாங்கலாம், வேகம் கிடைக்கும். பீரோவில் வைக்கும் காப்பிக்கு ஹார்ட் டிஸ்க்கே மேல். மின்சாரம் இல்லாமல் நெடுநாள் கிடந்தால் எஸ்எஸ்டியில் தரவு அழியக்கூடும்.