"கர்ப்பப்பை வெறுமை" என்று சொல்லிக்கொண்டே ஊசியை எடுப்பவரிடம் கவனம்

திருகோணமலை மாவட்டத்தில் தம்பலகாமம், கிண்ணியா, மூதூர்ப் பக்கம் கறவை மாடு வைத்திருப்பவர்கள் இதைப் படியுங்கள். மோட்டார் சைக்கிளில் வந்து, வாசலிலேயே சினை பார்த்து, ஊசியும் போட்டுவிட்டுப் போகிற ஒருவரால் நாலு மாதக் கருவை இழந்திருக்கிறோம். பெயரை எழுதப்போவதில்லை, செய்த வேலையைச் சொல்கிறேன்.

எங்கள் ஜேர்சிக் கலப்புப் பசுவுக்குப் பங்குனியில் செயற்கை முறையில் சினைப்படுத்தினோம். 21 நாள் கழித்து வேட்கை திரும்பவில்லை. ஆடிக் கடைசியில் ஒரு மாலை, பக்கத்தில் கட்டியிருந்த நாகின்மீது ஏறியது. சினை மாடுகளிலும் நூற்றில் சில இப்படிக் குறி காட்டுவதுண்டு. அப்பாவுக்கு மனம் கேட்கவில்லை, ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று இவரைக் கூப்பிட்டார்.

சினைப்படுத்திய திகதி எழுதிய கொப்பியை நீட்டினேன். திரும்பியும் பார்க்கவில்லை. கையுறை மாட்டினார், கையை விட்டார். கிணற்றடியிலிருந்து நான் வாளித் தண்ணீரோடு வருவதற்குள் எடுத்துவிட்டார். "ஐயா, கர்ப்பப்பை வெறுமை. ஊசி ஒன்று போடுகிறேன், நல்ல வேட்கை வரும்" என்றார். என்ன ஊசி என்று அப்பா கேட்டதற்கு, "வெளிநாட்டு மருந்து" என்பதுதான் பதில். காசை எண்ணி வாங்கும்போது மட்டும் அவசரம் இருக்கவில்லை.

சில நாளில் பசு கருவை வீசிவிட்டது. சிறிய பூனை அளவு இருந்தது. உடம்பில் மயிர் இல்லை. கால் நுனிகளில் குளம்பு மஞ்சளாக வடிவெடுத்திருந்தது. நச்சுக்கொடி விழவில்லை. அரசாங்க மிருக வைத்தியரை அழைத்தோம். வெறுங்கையால் எதையும் தொடவேண்டாம் என்று முதலிலேயே எச்சரித்தார், கருவை வீசச் செய்யும் தொற்றுநோயான புரூசெல்லோசிஸ் சோதனைக்கு இரத்தம் எடுத்தார். அதில் நோய் எதுவும் தெரியவில்லை. மதிலோரம் எறியப்பட்டிருந்த குப்பியைக் காட்டியதும் விஷயம் விளங்கியது: புரோஸ்டாகிளாண்டின். அந்தக் குப்பியைத் தரையிலிருந்து பொறுக்கி மதிலில் வைத்தவள் பிள்ளைத்தாய்ச்சியான என் தங்கை. இந்த மருந்து தோல் வழியாகவும் உடம்பில் சேரும், கர்ப்பிணிகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் கையாளவே கூடாது. நல்லவேளை, அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மாட்டின் சூலகத்தில் இருக்கும் மஞ்சள் உடல் என்ற பகுதிதான் முதல் ஐந்து மாதம் கருவைக் காக்கும் சுரப்பைத் தருகிறது. இந்த ஊசி அதைக் கரைத்துவிடும். வெறும் மாடாக இருந்தால் வேட்கை வரும், சினை மாடாக இருந்தால் கரு விழும். அதனால் "சினை உண்டு" என்று தவறாகச் சொல்பவரால் நமக்குச் சில மாதங்கள்தான் வீண். "சினை இல்லை" என்று தவறாகச் சொல்லி உடனே ஊசி ஏற்றுபவரால் கன்றே போய்விடும்.

ஊசி போட்டவரிடம் கேட்டபோது, "கரு முன்பே செத்திருந்தது, ஊசி வெளியே தள்ளியது" என்றார். வந்தது அழுகிய கருவும் அல்ல, வற்றிய கருவும் அல்ல என்று வைத்தியர் சொன்னதைச் சொன்னோம். அதன் பிறகு தொலைபேசியை எடுப்பதில்லை.

நியாயமாகவும் பேசவேண்டும். கைபோட்டுப் பார்ப்பது கெட்ட முறை அல்ல. பழகிய கை 35, 40 நாளிலேயே கண்டுபிடிக்கும். இரண்டு மாதம் கடந்தால் தவறாகச் சொல்லும் வாய்ப்பு மிகக் குறைவு. 35, 40 நாளில் சரியாகச் சொன்ன சினை பின்னால் கலைந்துபோவதும் உண்டு, அதற்குப் பார்த்தவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நாலு, ஐந்து மாதத்தில் கர்ப்பப்பை இடுப்பெலும்பைத் தாண்டி வயிற்றுக்குள் சரிந்துவிடும். அவசரக் கைக்கு அங்கே ஒன்றும் இல்லாததுபோல்தான் படும். கெட்டிக்காரர் அதோடு விடமாட்டார். கர்ப்பப்பைக் கழுத்து முன்னோக்கி இழுபட்டு நிற்கிறதா, பக்கத்து நாடி தடித்து அதிர்கிறதா என்று தேடுவார். மறுபக்கம், கர்ப்பப்பையில் சீழ் கட்டியிருந்தாலும் பெருத்துத்தான் இருக்கும், அதையும் சினை என்று சொல்லிவிடுகிறார்கள். ஆகவே யார் பார்த்தாலும் "கையில் என்ன பட்டது?" என்று கேளுங்கள். கருவைச் சுற்றிய சவ்வா, கர்ப்பப்பைச் சுவரின் முடிச்சுகளா, கன்றேயா என்று பதில் வரவேண்டும்.

ஸ்கான் கருவி உள்ளவர் கிடைத்தால் 30 நாளளவிலேயே பார்க்கலாம். கருவைக் காக்கும் அந்தச் சுரப்பை (புரோஜெஸ்தரோன்) மூன்று வாரத்தில் பாலில் பார்க்கும் சோதனை "இல்லை" என்றால் ஏறத்தாழ உறுதி. "உண்டு" என்றால் பிறகு கைபோட்டும் பார்க்கவேண்டும்.

மார்கழிக் கடைசியில் கன்று போட்டிருக்கவேண்டிய மாடு. தயிர்ச் சட்டிகளுக்கு முற்பணம் தந்தவர்களுக்குக் காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். இந்த மனிதர் துண்டுச்சீட்டு ஒன்றும் எழுதித் தருவதில்லை, ஆகவே முறைப்பாட்டுக்கு எங்களிடம் இருப்பது அந்தக் குப்பி மட்டும்தான். வேட்கைக்கென்று உங்கள் வீட்டில் யாராவது ஊசி போட்டிருந்து, பிறகு மாடு கருவை வீசியிருந்தால், குப்பியை வெறுங்கையால் தொடாமல் ஒரு பையில் எடுத்துவைத்து, பிரதேச மிருக வைத்திய அலுவலகத்தில் திகதியோடு எழுதிக் கொடுங்கள். நாங்கள் கொடுத்திருக்கிறோம்.