நூலகவியல் முதுமாணி: திருகோணமலையில் இருந்து படிக்க எது தோது?

வேலையை விடாமல் நூலகவியலில் முதுமாணி செய்ய நினைக்கும் நம் ஊர்க்காரர்கள் அதிகம் விசாரிப்பது மூன்று வழிகளை: கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கீழ் 1999இல் தொடங்கிய தேசிய நூலக, தகவல் விஞ்ஞான நிறுவனம், இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் தொலைக்கல்வி, சான் ஹொசே போல முழுக்க இணையத்தில் நடத்தும் அமெரிக்கப் பல்கலைக்கழகம்.

அமெரிக்காவை முதலில் முடித்துவிடுகிறேன். எந்தத் துறைப் பட்டதாரியும் சேரலாம், அமெரிக்க நூலகச் சங்கத்தின் தரச்சான்றும் உண்டு. கலிபோர்னியாவில் மாலை 6 மணி என்றால் நமக்கு மறுநாள் காலை ஆறரை, குளிர்காலத்தில் ஏழரை. அதைக்கூடச் சமாளிக்கலாம். ஆனால் கட்டணம் டொலரில். 2022இல் டொலர் 200 ரூபாயில் இருந்து 350ஐத் தாண்டியதை மறக்க முடியுமா? வெளிநாட்டில் குடியேறும் எண்ணம் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

இந்தியப் படிப்பில் செலவு அவ்வளவு இல்லை. ஆனால் இரண்டு படி ஏற வேண்டும்: முதலில் நூலகவியல் இளமாணி, அதை முடித்தால்தான் முதுமாணி. அப்படியிருந்தும் அதன் பட்டியலாக்கப் பாடம், அதாவது நூல்களை எந்தப் பெயரில் எப்படிப் பதிவது என்ற பாடம், எனக்குப் பிடிக்கும். ஒரு பாடசாலை நூலகத்தின் கணினிப் பட்டியலைத் திருத்த உட்கார்ந்தபோது ஒரே எழுத்தாளர் மூன்று இடத்தில் கிடந்தார்: தகப்பன் பெயரில், முதலெழுத்தில், சொந்தப் பெயரில். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. எஸ். ஆர். ரங்கநாதனையே பாருங்கள். 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளை எழுதியவர். 'எஸ்' அவரது ஊர் சீர்காழி, 'ஆர்' தகப்பன் ராமாமிர்தம். அவரை 'ரங்கநாதன், எஸ். ஆர்.' என்றுதான் பதிய வேண்டும். தமிழ் நூல்களோடு வேலை செய்கிறவருக்கு இது அன்றாடப் பாடு.

கொழும்பு என்றால் அலைச்சல்தான். இரவு பஸ் ஏறி விடியற்காலை இறங்கி, தூக்கக் கலக்கத்தோடு வகுப்பில் இருக்க வேண்டும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இன்னும் கஷ்டம். ஆனாலும் இலங்கையில் வேலை தேடுகிறவருக்கு என் தெரிவு கொழும்புதான். பட்டத்தின் அங்கீகாரத்தை யாரிடமும் விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. கூடப் படிக்கிறவர்களும் இங்குள்ள நூலகங்களில் வேலை செய்கிறவர்களாக இருப்பார்கள், ஒரு சிக்கல் வந்தால் ஃபோன் எடுத்துக் கேட்கலாம். இந்தியப் பாடநூல்களோ இந்திரா காந்தி பல்கலைக்கழகத்தின் இ-ஞானகோஷ் தளத்தில் இலவசமாகவே இருக்கின்றன, சேராமலே வாசிக்கலாம்.

இந்தியாவோ அமெரிக்காவோதான் என்று முடிவெடுத்தால், காசு கட்டுவதற்கு முன் இலங்கைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் அந்தப் பட்டத்தின் அங்கீகாரத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.