ஜாவா-பி: பைட்கோடைப் பிரித்துக் காட்டும் கருவி

ஹட்டன், பதுளைப் பக்கம் மென்பொருள் படிக்கும் பிள்ளைகள் ஸ்டாக் இயந்திரத்தை, அதாவது எண்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி உச்சியிலிருந்து எடுத்துக் கணக்கிடும் முறையைப் புரிந்துகொள்ள ஜாவா-பியில் தொடங்குவதே நல்லது. ஜாவா நிரல் எழுதும் கருவித் தொகுப்பான ஜேடிகேயோடு சேர்ந்தே வருகிறது. சிக்னல் எட்டாத தோட்டத்திலும் இணையமின்றி ஓடும்.

ஜாவா நிரலைத் தொகுத்ததும் கிடைக்கும் கிளாஸ் கோப்பை 'மைனஸ் சி' கொடுத்துத் திறந்தால் பைட்கோடு, அதாவது ஜாவா இயந்திரத்துக்கான கட்டளைகள், வரிசையாக வரும். கழித்தலைப் பாருங்கள்: எண்ணை ஸ்டாக்கில் ஏற்றும் ஐலோட் இரண்டு, பிறகு கழிக்கும் ஐசப். ஸ்டாக்கின் உச்சியில் இருப்பதை அதற்குக் கீழே இருப்பதிலிருந்து ஐசப் கழிக்கும். ஏற்றும் வரிசை மாறினால் விடையின் குறியே மாறிவிடும். எண்ணின் அளவுக்கேற்பக் கட்டளை மாறுவது இன்னும் அழகு. 5 என்றால் ஐகான்ஸ்ட், 1 பைட் போதும். 100க்கு பைபுஷ், 2 பைட். 1000க்கு சிபுஷ், 3 பைட். 40000 ஆனால் கிளாஸ் கோப்பில் மாறிலிகளைச் சேர்த்து வைக்கும் கான்ஸ்டன்ட் பூலிலிருந்து எல்டிசி எடுத்து வரும்.

கட்டளைகளின் இடப்பக்க எண்களைப் பலர் வரி எண் என்று நினைக்கிறார்கள். அவை பைட் இடங்கள். அதனால்தான் தாண்டித் தாண்டிப் போகின்றன. பிரைவேட் மெத்தட் காணவில்லையா, 'மைனஸ் பி' சேருங்கள். ஸ்டாக்கின் உச்ச ஆழத்துக்கு 'மைனஸ் வி'.

பெரிய குறை ஒன்று உண்டு: ஓடும்போது ஸ்டாக்கில் என்ன இருக்கிறது என்று இது காட்டாது. ஒவ்வொரு கட்டளைக்கும் ஸ்டாக்கில் ஏற்றும் புஷ், எடுக்கும் பாப் இரண்டையும் தாளில் எழுதித்தான் பார்க்க வேண்டும்.