மலை உச்சியா, டிரான்ஸ்பார்மர் கம்பமா? ஏற்காட்டில் கேட்வேக்கு இடம் பார்ப்பது

ஸ்மார்ட் மீட்டர்கள் ரேடியோவில் அனுப்பும் அளவை வாங்கி, சிம் வழியாக மின்வாரியத்தின் கணினிக்குத் தள்ளிவிடும் பெட்டிக்கு எங்கள் வேலையில் கேட்வே என்று பெயர். இதை எங்கே மாட்டலாம் என்று ஏற்காட்டில் யாரைக் கேட்டாலும் கை மேலேதான் போகும். "சேர்வராயன் கோயில் மலையில வைங்க சார், அங்கிருந்து எல்லா ஊரும் தெரியும்." 1,600 மீட்டருக்கு மேல் உயரம், நியாயமான யோசனைதான். நானும் முதலில் அப்படித்தான் நினைத்திருந்தேன். இரண்டு மழைக்காலம் மலையில் அலைந்த பிறகு மனது மாறிவிட்டது.

நம் நாட்டில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமம் வாங்காமல் பயன்படுத்தலாம். ரேடியோ மீட்டர்கள் பெரும்பாலும் அதில்தான் பேசும். இந்த அலைக்குக் கண்ணுக்கு நேராகத் தெரிந்தால் மட்டும் போதாது. ஒரு கிலோமீட்டர் தூரத்துக்கு, நடுவழியில் அந்த நேர்கோட்டைச் சுற்றி ஏறத்தாழ 9 மீட்டருக்குத் தடை இருக்கக் கூடாது. உச்சியில் நின்றால் நம் பக்கம் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் மறுமுனையில் மீட்டர் எங்கே இருக்கிறது? தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீட்டின் திண்ணைச் சுவரில், மிளகுக்கொடி சுற்றிய சில்வர் ஓக் மரங்களுக்கு அடியில். வழியெல்லாம் நன்றாக வந்த சிக்னல் கடைசி நூறு மீட்டரில் செத்துவிடும்.

இதற்கு மூடுபனிமேல் பழி போடுவார்கள். இந்த அலைவரிசைக்குப் பனி ஒரு பொருட்டே இல்லை. நனைந்த இலைதான் சிக்னலைக் குடிக்கிறது. தோட்டத்தில் நிழல் குறைக்கக் கிளை கழித்த கையோடு சர்வே எடுத்தால் எல்லாம் அருமையாகத் தெரியும். மழை பிடித்து, இலை தழைத்து, அதிலிருந்து தண்ணீர் சொட்டும்போது அதே மீட்டர் காணாமல் போயிருக்கும்.

உச்சிக்கு இன்னொரு குறையும் உண்டு. தூரம் போக வேண்டுமென்று அதிக கெயின் உள்ள, அதாவது சிக்னலைக் குவித்து அனுப்பும், ஆண்டெனாவை மாட்டினால், அதன் வீச்சு மேல்கீழ் வாக்கில் தட்டையாகிவிடும். விளக்கடியில் இருட்டு என்பது போல, தூரத்து ஊருக்கு எட்டும் சிக்னல் நேர்கீழே உள்ள குடியிருப்புக்கு எட்டாது. அப்புறம் இடி. கோடை மழையில் உச்சியில் நிற்கும் இரும்புக் கம்பி முதல் இலக்கு. அந்த மின்னலைத் தரையிறக்க எர்த் பிட் தோண்டினால் அரை ஆள் ஆழத்தில் பாறை தட்டும். கரியும் உப்பும் எவ்வளவு கொட்டினாலும் எர்த் சரியாக வராது. அந்த ஒரு பெட்டி போனால் அத்தனை ஊரும் ஒன்றாகப் போய்விடும்.

டிரான்ஸ்பார்மர் கம்பத்தில் இந்தக் கவலை குறைவு. மீட்டர்கள் பக்கத்திலேயே இருக்கும். ஒன்றின் சொல்லை இன்னொன்று வாங்கிக் கடத்தும் மெஷ் முறையில், மரத்துக்குப் பின்னால் மறைந்த மீட்டரும் பக்கத்து வீட்டு மீட்டர் வழியாக வந்து சேரும். கரண்ட் அங்கேயே இருக்கிறது. லைன்மேன் எப்படியும் வந்து போகும் இடம்.

ஆனால் மாட்டுவதில் கவனம் வேண்டும். கம்பத்தை ஒட்டியே ஆண்டெனாவை வைத்தால், கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பிகளும் டிரான்ஸ்பார்மரின் இரும்பு உடம்பும் ஒரு பக்கத்தை முழுசாக மறைத்துவிடும். அதனால் கை நீட்டியது போல ஒரு பிராக்கெட் போட்டு வெளியே தள்ள வேண்டும், அதுவும் மேல் லைனை டிரான்ஸ்பார்மரோடு இணைக்கும் 11 கேவி ஒயருக்கு (ஜம்பர்) நன்றாகக் கீழே. லைனில் கரண்ட்டை நிறுத்தித் தரும் அனுமதியான எல்.சி. (லைன் கிளியர்) வாங்காமல் யாரும் ஏறக் கூடாது. கேபிள் பெட்டிக்குள் நுழையும் முன் கீழே ஒரு வளைவு விட வேண்டும். இல்லாவிட்டால் மழைத்தண்ணீர் கேபிளோடு வழிந்து நேராக உள்ளே போகும். கொட்டச்சேடு பக்கம் தொங்கிய கேபிளைக் குரங்கு பிடித்து ஆடியே கழற்றியதைப் பார்த்திருக்கிறேன், அதனால் அந்த வளைவையும் கம்பத்தோடு சேர்த்துக் கட்டிவிடுவோம்.

தெருவிளக்குக் கம்பத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. பல இடங்களில் அந்த ஒயரில் சாயங்காலம் சுவிட்ச் போட்டால்தான் கரண்ட் வரும். பகலெல்லாம் பேட்டரியில் ஓடி, ஒரே வருஷத்தில் பேட்டரி படுத்துவிடும்.

மொட்டை மாடி கீழே சேலம் நகரத்துக்குத் தோதானது. அம்மாபேட்டை, குகை மாதிரி தறி ஓடும் நெருக்கமான தெருக்களில் கம்பத்தைவிட மாடி உயரம், சிக்னல் கூரைகளைத் தாண்டிப் போகும். ஆனால் மலையில் ஒரு விடுதி மாடியில் வைத்த பெட்டியை அடுத்த சீசனில் போய்ப் பார்த்தால், அதைச் சுற்றித் தகரக் கொட்டகை எழுந்திருந்தது. தனியார் இடம், நாம் கேட்க முடியாது.

ஆகவே மலைக் கிராமங்களுக்கு என் தேர்வு டிரான்ஸ்பார்மர் கம்பம்தான். ஒரே இடத்தில் அது தோற்கும்: பள்ளத்து ஊரில் மொபைல் சிக்னலே இல்லாவிட்டால், பெட்டி வாங்கியதை அனுப்ப வழியில்லை. அங்கே பெட்டியைச் சிம் எடுக்கும் மேட்டுக் கம்பத்துக்கு ஏற்றிவிட்டு, ஊருக்கும் அதற்கும் நடுவே சிக்னலை வாங்கிக் கடத்தும் ஒரு ரிப்பீட்டர் போட்டால் போதும், உச்சி வரை போக வேண்டாம்.

இடத்தை முடிவு செய்யும் முன் கரண்ட் போன நேரத்தில் ஒரு முறை அங்கே போய் நிற்க வேண்டும். மின்சாரம் நின்றதும் மீட்டர் கடைசியாக ஒரு செய்தி அனுப்பும், எந்த வீடு இருட்டில் இருக்கிறது என்று அதை வைத்துத்தான் தெரியும். அதை வாங்கி அனுப்பப் பெட்டிக்குள் நல்ல பேட்டரி வேண்டும், செல்போன் டவரும் அந்த நேரம் உயிரோடு இருக்க வேண்டும். ஒரு மணி நேரம் கழித்தும் கையிலிருக்கும் போனில் சிக்னல் இருந்தால், அந்தக் கம்பத்துக்குக் குறி போட்டுவிடுவேன்.